முடிவா, இறுதியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் கொடைவிழா நோட்டீஸ், ஆலயத் திருவிழா அழைப்பிதழ், கைப்பந்துப் போட்டி பிளெக்ஸ், சங்கத்தின் தீர்மானப் புத்தகம், பள்ளி வினாத்தாள் என்று குமரி மாவட்டத்தில் தமிழில் அச்சுக்குப் போகும் எதையும் எழுதுகிறவர்களுக்கும் திருத்துகிறவர்களுக்குமான பக்கம் இது. 'முடிவு', 'இறுதி' இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து மாற்றிப் போடுவதால் வரும் குழப்பங்களே இங்கே அதிகம். ஒட்டினாற்போல் வரும் வேறு சில சொற்களும் உண்டு.

இரண்டுக்கும் அப்படி என்னதான் வேறுபாடு?

போட்டி நோட்டீஸ்களில் அடியில் வரும் ஒரு வரியைப் பாருங்கள்: "நடுவரின் முடிவே இறுதியானது." இரண்டு சொல்லும் அதில் இருக்கின்றன, இரண்டும் அதனதன் இடத்தில். நடுவர் எதைச் சொன்னாரோ அது முடிவு. அதற்கு மேல் இன்னொன்று கிடையாது என்பது இறுதி. இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்: "நடுவரின் இறுதியே முடிவானது." ஆளை மேலுலகத்துக்கே அனுப்பி வைத்துவிட்டோம்.

இறுதி என்பது வரிசையில் ஓர் இடம், கடைசியாக நிற்பது. அது முழுமையின் ஒரு பகுதி, அதனால் அதற்கு நீளம் உண்டு. முடிவு என்பது ஒன்று நின்றுபோவது. நின்றபோது மிஞ்சும் விளைவு. சினிமாவை வைத்துச் சொன்னால், இறுதிக் காட்சி 10 நிமிடம் ஓடலாம். படத்தின் முடிவு ஓடாது. நாயகன் பிழைத்தானா செத்தானா என்பதுதான் முடிவு. "படத்தின் இறுதி 10 நிமிடங்கள்" என்று அளக்க முடிகிறது. "முடிவு 10 நிமிடங்கள்" என்று அளக்க வாய் வராது.

சந்தேகம் வந்தால் உடனே சோதிக்க வழி உண்டா?

மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. அந்த இடத்தில் 'கடைசி' என்று வைத்தால் பொருள் மாறாமல் நிற்கிறதா? நின்றால் இறுதி. இறுதிச் சுற்று, இறுதி நாள், இறுதிப் பட்டியல் எல்லாம் இப்படித் தேறும். 'ரிசல்ட்' என்று வைத்தால் நிற்கிறதா? முடிவு: தேர்தல் முடிவு, ரத்தப் பரிசோதனை முடிவு. 'தீர்மானம்' என்று வைத்தால் நிற்கிறதா? அதுவும் முடிவுதான்: குடும்பத்தார் எடுத்த முடிவு.

மூன்றும் நிற்காத இடம் ஒன்று உண்டு: போர், வேலைநிறுத்தம், பகை, காத்திருப்பு போன்றவை நின்றுபோவது. "வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது" என்பதில் கடைசியும் இல்லை, ரிசல்ட்டும் இல்லை. அங்கே வினையாக்கிப் பாருங்கள்: "வேலைநிறுத்தம் முடிந்தது." வினையாக மாறிக்கொடுத்தால் முடிவு. இறுதிக்கு அந்த வசதி இன்றைய தமிழில் இல்லை. அதன் வேர்ச்சொல்லான 'இறு' பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. 'இறந்தார்' என்பது வேறு வினை.

'முடிவு' ஏன் இவ்வளவு குழப்பம் தருகிறது?

ஒரே சொல் மூன்று வேலை பார்ப்பதால்: நிற்றல், விளைவு, தீர்மானம். வள்ளுவர் இவற்றில் இரண்டைப் பிரித்தே வைத்திருக்கிறார். "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" என்று தொடங்குகிறது 671-ஆம் குறள். சூழ்ச்சி என்றால் அங்கே ஆலோசனை. ஆலோசனை போய் நிற்கும் இடம் முடிவு. அங்கே கிடைக்கும் தீர்மானம் துணிவு. பின்னால் வந்த வழக்கில் துணிவு தைரியத்தின் பக்கம் போய்விட்டது, தீர்மானிக்கும் வேலையும் முடிவின் தலையில் விழுந்தது.

அச்சில் இதனால் என்ன கெடுகிறது என்பதற்கு "கூட்ட முடிவில் அறிவிக்கப்படும்" என்ற வரி போதும். கூட்டம் கலைந்தபின் அறிவிப்பார்களா, கூட்டத்தில் எடுக்கும் தீர்மானத்தில் அது இருக்குமா? இரண்டும் சரியாகவே படும். முதலாவதுதான் கருத்து என்றால் "கூட்டம் முடிந்ததும்" என்று எழுதுங்கள். இரண்டாவது என்றால் "கூட்டத்தின் தீர்மானத்தில்". பெயர்ச்சொல்லை விட்டு வினைக்குப் போனால் பாதிக் குழப்பம் தானே போய்விடும்.

"தேர்வு முடிவு தேதி" என்று எழுதலாமா?

வேண்டாம். தேர்வு ஓயும் நாளா, மதிப்பெண் வெளியாகும் நாளா என்று பெற்றோர் போன் போட்டுக் கேட்பார்கள். "தேர்வு முடியும் நாள்", "தேர்வு முடிவு வெளியாகும் நாள்" என்று தனித்தனியே போடுங்கள். விண்ணப்பத்துக்கு "முடிவு தேதி" என்பதும் இதே வகைதான். "விண்ணப்பிக்கக் கடைசி நாள்" என்பது எல்லோருக்கும் பழகியது, ஐயத்துக்கு இடமில்லாதது. அதை விட்டு வேறொன்று தேட வேண்டியதில்லை.

மருந்துப் பெட்டி, மாவுப் பாக்கெட் ஆகியவற்றில் வருவது முடிவு தேதியும் அல்ல, இறுதித் தேதியும் அல்ல, காலாவதி தேதி.

மாத இறுதியா, மாத முடிவா?

மாத இறுதி. ஆண்டு இறுதி, வார இறுதி எல்லாம் அப்படியே. காலத்தின் கடைசிப் பகுதியைச் சொல்வதால் இறுதி பொருந்துகிறது. ஆனால் பகுதி என்பதாலேயே அதற்கு விளிம்பு தெளிவில்லை. "மாத இறுதியில் பாக்கி தரப்படும்" என்றால் 25-ஆம் தேதி ஒருவர் கேட்டு வருவார், தருகிறவர் 31 என்று நினைத்திருப்பார். பணம், வாடகை, சீட்டு சம்பந்தப்பட்ட எதிலும் இறுதி என்ற சொல்லையே நம்ப வேண்டாம். தேதியை எண்ணில் எழுதுங்கள். 'க்குள்' வந்தால் அந்த நாளும் சேர்த்தியா என்பதையும் எழுதுங்கள்.

இறுதியில், முடிவில், கடைசியில்?

"விழாவின் இறுதியில் நாட்டுப்பண்" என்றால் நாட்டுப்பண் விழாவுக்குள் கடைசி நிகழ்ச்சி. "விழா முடிவில் உணவு" என்றால் விழா ஓய்ந்தது, பிறகு உணவு. நிகழ்ச்சி நிரலில் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றினால் பந்தி எப்போது என்ற கேள்வி எழாது. எல்லோரும் இவ்வளவு கறாராக எழுதுவதில்லை, "விழா முடிவில் நாட்டுப்பண்" என்று போட்டாலும் யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. நிரல் எழுதுகிறவர் மட்டும் கவனித்தால் போதும்.

'கடைசியில்' வேறு ஒன்றையும் சொல்கிறது. "கடைசியில் அவனே வந்து சேர்ந்தான்" என்னும்போது எதிர்பாராதது, சுற்றி வளைத்து நடந்தது என்ற சாயல் ஏறுகிறது. அலுவல் கடிதத்தில் அந்தச் சாயல் வேண்டாம்.

இறுதியாக, முடிவாக?

இரண்டும் முற்றிலும் வேறு. "இறுதியாக நன்றியுரை" என்றால் வரிசையில் கடைசியாக. "முடிவாக என்ன சொல்றிய?" என்றால் ஒரு பக்கமாகத் தீர்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். கல்யாணப் பேச்சில் ஒருவர் "இறுதியாகச் சொன்னார்" என்றால் எல்லோரும் பேசியபின் பேசினார். "முடிவாகச் சொன்னார்" என்றால் இனிப் பேச ஒன்றுமில்லை.

முடிவு செய்தல், இறுதி செய்தல், உறுதி செய்தல்?

இங்கேதான் பிழை மலிவு. முடிவு செய்தல் என்பது பல வழிகளில் ஒன்றைத் தேர்வது: "கொடையை மாசியில் நடத்த முடிவு செய்தார்கள்." இறுதி செய்தல் என்பது வரைவாகக் கிடந்ததை இனி மாறாது என்று பூட்டுவது: "நிகழ்ச்சி நிரல் இறுதி செய்யப்பட்டது." உறுதி செய்தல் என்பது ஏற்கெனவே உள்ளது உண்மைதான், இருக்கிறதுதான் என்று நிலைநாட்டுவது: "மண்டபம் பதிவானதைத் தொலைபேசியில் உறுதி செய்தார்கள்."

'இறுதி செய்தல்' பழந்தமிழ் வழக்கு அல்ல, நிர்வாகத் தமிழில் நுழைந்தது. அதை ஒதுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் கருத்து: வரைவு என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் தேவை, வாக்காளர் பட்டியல் வரைவாக வெளிவந்து இறுதிப் பட்டியல் ஆகிறது; அந்த இடத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது. வரைவு இல்லாத இடத்தில் அதைக் கொண்டுவர வேண்டாம். "பெண் வீட்டார் இறுதி செய்துவிட்டார்கள்" என்று எழுதினால் கல்யாண வீடு சாவு வீடு ஆகிவிடும்.

இறுதிக்கும் உறுதிக்கும் நடுவே ஓர் எழுத்துதான். தட்டச்சில் இகரம் உகரமாக மாறினால் எழுத்துப்பிழை திருத்தியும் பிடிக்காது, இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். கண்ணால்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டு சொல்லையும் வைத்தே எதுகை கட்டியிருக்கிறது 690-ஆம் குறள்: "இறுதி பயப்பினும் எஞ்சாது இறைவற்கு / உறுதி பயப்பதாம் தூது." தன் உயிருக்கே அழிவு வந்தாலும் அஞ்சி நிற்காமல் அரசனுக்கு நன்மை தேடித் தருபவன் தூதன் என்பது பொருள். இங்கே இறுதி என்றால் சாவு, உறுதி என்றால் நன்மை. கன்னியாகுமரிக் கடலில் 133 அடியில் நிற்கிறவர் எழுதியது. மெய்ப்புத் திருத்துகிறவர் மேசையில் ஒட்டிவைக்கலாம்.

அரைஇறுதி, அரையிறுதி: எது சரி?

அரையிறுதி. அரை + இறுதி, இடையில் யகர உடம்படுமெய். கால் + இறுதி காலிறுதி. பிரித்து எழுதினால் "அரை இறுதி" என்று நடுவில் இடம் விட்டு எழுதலாம். இடமும் விடாமல் யகரமும் இல்லாமல் "அரைஇறுதி" என்பது பிளெக்ஸில் மட்டும் வாழும் வடிவம்.

வலி மிகுவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இறுதிப் போட்டி, இறுதிச் சுற்று, இறுதித் தேர்வு, இறுதிக் கட்டம் என்று க, ச, த, ப முன் ஒற்று வரும். இறுதி ஆட்டம், இறுதி நாள், இறுதி வாதம் ஆகியவற்றில் வராது. "இருதி" என்று இடையின ரகரம் போடுவது தவறு.

அணி இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றதை "இறுதிக்கு வந்தது" என்று சுருக்கலாம். "நமது அணி முடிவுக்கு வந்தது" என்றால் ஆட்டக்காரர்கள் அடிக்க வருவார்கள்.

மரண அறிவிப்பில் எதை எழுதுவது?

இறுதி ஊர்வலம், இறுதி அஞ்சலி, இறுதி மரியாதை, இறுதிச் சடங்கு. எல்லாம் இறுதிதான், எங்கும் முடிவு வராது. கிறிஸ்தவ வீடுகளின் அறிவிப்பில் நல்லடக்கம், அடக்க ஆராதனை என்ற சொற்களே போதும். அவற்றின் பக்கத்தில் இன்னொரு 'இறுதி' வைக்க வேண்டியதில்லை.

இறுதிச் சடங்கு என்பது எரிப்பதோ புதைப்பதோ நடக்கும் அன்றைய சடங்கு மட்டும். 16-ஆம் நாள் நோட்டீஸில் அதைப் போடக் கூடாது. அந்த வீட்டார் அடியந்திரம் என்கிறார்களா, கருமாதி என்கிறார்களா, பதினாறாம் நாள் என்கிறார்களா என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லையே போடுங்கள்.

ஆள்மேல் ஏற்றும்போது 'முடிவெய்தினார்' என்றால் இறந்தார் என்று பொருள். பணிக்காலம் முடிந்து விடைபெறும் தலைமையாசிரியருக்கான வாழ்த்து மடலில் "தங்கள் பணி முடிவெய்தும் நாளில்" என்று வந்தால் பணிதான் எழுவாய் என்பதால் தவறு இல்லை, ஆனால் படிக்கிறவர் நெஞ்சு ஒரு கணம் நிற்கும். "பணி நிறைவு" என்ற சொல் இதற்காகவே இருக்கிறது.

இறுதிக்கும் கடைசிக்கும் வேறுபாடு உண்டா?

பொருளில் சிறிது, மரியாதையில் நிறைய. கடைசி வீட்டுச் சொல். கடைசி மகள், கடைசி பஸ், கடைசி பெஞ்சு. இறுதி எழுத்துச் சொல். "இறுதி மகள்" என்று யாரும் சொல்வதில்லை. "கடைசிச் சடங்கு" என்று அச்சிட்டால் அலட்சியமாகத் தெரியும். பேருந்து அட்டவணையில் "இறுதிப் பேருந்து இரவு 10.15" என்பதைவிட "கடைசிப் பேருந்து" நல்லது.

மலையாளம் கலந்து பேசும் பகுதிகளில் 'தீர்ந்தது', 'முடிந்தது' குழம்புகிறதே, ஏன்?

அங்கே இரண்டு மொழிகள் ஒரே வேரை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன. மலையாளத்தில் வேலை நிறைவேறினாலும் 'தீர்ந்நு', அரிசி காலியானாலும் 'தீர்ந்நு'. தமிழில் வேலை முடியும், அரிசி தீரும். கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தவை. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் இன்றும் பலகைகள் மலையாளத்தில்தான். இரண்டு மொழியும் நாக்கில் இருப்பவருக்கு "வேலை தீர்ந்துது" என்று வருவது இயல்பு. பேச்சில் திருத்த வேண்டியதில்லை. எழுத்தில் மட்டும் இதைப் பாருங்கள்: அளந்து வைத்திருந்தது குறைந்து குறைந்து இல்லாமல் போனால் தீர்ந்தது, நடந்துகொண்டிருந்தது நின்றால் முடிந்தது. பணம் தீரும், விடுமுறை முடியும். மை தீரும், எழுதுவது முடியும்.

கடன், பசி, சந்தேகம், நோய், வழக்கு எல்லாம் சுமை. இறங்கினால் தீர்ந்தது என்போம். வழக்குக்கு மட்டும் இரண்டும் வரும். "வழக்கு முடிந்தது" என்றால் கோப்பு மூடியாயிற்று. "வழக்கு தீர்ந்தது" என்றால் இரு பக்கமும் நிம்மதி. முடிந்தும் தீராத வழக்குகள் உண்டு, அதனால் இந்த வேறுபாட்டைக் கைவிடாதீர்கள்.

எதிர்த்திசையில் ஒரு பொறி இருக்கிறது. மலையாளத்தில் 'முடியுக' என்றால் கெட்டு அழிவது. பைபிளில் வரும் ஊதாரி மைந்தன் உவமையை அவர்கள் 'முடியனாய புத்ரன்' என்கிறார்கள். "எங்க கடை வேலை எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று எல்லைக்கு அப்பால் பாறசாலைக்காரரிடம் சொன்னால் அவர் துக்கம் விசாரிக்கக்கூடும்.

டிக்கெட் கவுண்டர் பலகையில் என்ன எழுதுவது?

காரணத்தைப் பொறுத்தது. விற்றுப்போயிற்று என்றால் "இன்றைய டிக்கெட்டுகள் தீர்ந்துவிட்டன." நேரம் கடந்துவிட்டது என்றால் "டிக்கெட் வழங்கும் நேரம் முடிந்தது." வெறுமனே "டிக்கெட் முடிந்தது" என்று எழுதினால், நாளை சீக்கிரம் வந்தால் கிடைக்குமா என்று வந்தவருக்குத் தெரியாது. ஓட்டல் வாசலிலும் அப்படித்தான்: பகல் 3 மணிக்குமேல் "மதியச் சாப்பாடு முடிந்தது" பொருந்தும், ஒரு மணிக்கே பானை காலியானால் "தீர்ந்தது".

மண்டைக்காட்டில் 'ஒடுக்கு பூஜை' என்கிறார்களே, அதுவும் இறுதிப் பூஜைதானா?

மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் மாசிக் கொடையில் பத்தாம் நாள் நள்ளிரவில் நடப்பது ஒடுக்கு பூஜை. ஒடுங்குதல், அடங்கி முடிதல் என்ற பொருள்தான் அந்தச் சொல்லில் இருக்கிறது. மலையாளத்தில் ஒடுக்கம் என்றாலே முடிவு. முஸ்லிம்கள் ஸஃபர் மாதத்தின் கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்பதிலும் இதே சொல். ஆனால் நோட்டீஸில் ஒடுக்கு பூஜையை "இறுதிப் பூஜை" என்று மொழிபெயர்க்காதீர்கள். அது பெயர். தவிர, அதற்குப் பின் எட்டாம் நாள் நடக்கும் எட்டாம் கொடை இருக்கிறது. இறுதி என்று போட்டால் தகவலே தவறாகும்.

ஆலயத் திருவிழாவிலும் கவனியுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவில் பத்தாம் நாளை ஊர் "பத்தாம் திருவிழா" என்றே சொல்கிறது. நாளின் எண் பழகிப்போன இடத்தில் "இறுதி நாள்" கூடுதல் தகவல் எதையும் தருவதில்லை.

ஈறு, விகுதி இரண்டும் ஒன்றா? மாணவர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள்.

ஒன்றல்ல. 'வந்தான்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஈறு என்பது அதன் கடைசி எழுத்து: ன். விகுதி என்பது கடைசி உறுப்பு: ஆன். வா + த் + த் + ஆன். வா வ-வாகக் குறுகியது விகாரம், முதல் த் சந்தி, அது ந்-ஆகத் திரிந்தது இன்னொரு விகாரம், இரண்டாவது த் இடைநிலை. விகுதி ஆண்பால், ஒருமை, படர்க்கை என்று பொருள் சொல்கிறது. ஈறு எந்தப் பொருளும் சொல்லாது, ஒலி மட்டும்.

'மரம்' என்பதற்கு ஈறு உண்டு (ம்), விகுதி இல்லை. அது பிரிக்க முடியாத சொல். 'நடந்து' என்பதில் இரண்டும் ஒன்றாக அமைகின்றன: கடைசி ஒலியும் உகரம், வினையெச்ச விகுதியும் உ. இப்படிப்பட்ட சொற்களை முதல் எடுத்துக்காட்டாகத் தருவதுதான் வகுப்பில் குழப்பத்தைத் தொடங்கி வைக்கிறது. முதல் நாளே 'வந்தான்', 'மரம்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

புணர்ச்சிக்குத் தேவைப்படுவது ஈறு. மரம் + கிளை மரக்கிளை ஆவது மகர ஈறு கெட்டதால். சொல்லின் பால், எண், இடம் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது விகுதி.

ஈறுக்கும் இறுதிக்கும் உறவு உண்டா?

ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இறு என்ற வினை 'தி' விகுதி பெற்று இறுதி ஆயிற்று. கெடு கெடுதி ஆனதுபோல. அதே இறு முதலெழுத்து நீண்டு ஈறு ஆயிற்று. கெடு கேடு ஆனதுபோல. இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். தொல்காப்பியம் "அகர இறுதிப் பெயர்நிலை" என்று இறுதியையே ஈறு என்ற பொருளில் ஆள்கிறது. முடிவு என்பது அந்தக் குடும்பம் அல்ல: முடி + வு, தெளி தெளிவு ஆனதுபோல.

'முடிபு' என்பது பிழையா?

இல்லை. ஆராய்ந்து கண்ட கொள்கைக்கு முடிபு என்பார்கள். சித்தாந்தத்துக்கு 'முடிந்த முடிபு' என்று விளக்கம் சொல்வது சைவத்தில் பழகிய தொடர். இலக்கணத்தில் எச்சம் எதைக் கொண்டு நிறைவடைகிறதோ அதுவும் முடிபு. தேர்தல் முடிபு, தேர்வு முடிபு என்று எழுதினால் தவறில்லை, நாடகத்தனமாகத் தெரியும்.

"இறுதி முடிவு" என்பது கூறியது கூறலா?

அல்ல. இடைக்கால முடிவு இருக்கும்போது இறுதி முடிவும் இருக்கும். வாக்கு எண்ணும் நாளில் சுற்றுவாரியாக முன்னிலை வரும், மாலையில் இறுதி முடிவு. "இறுதிக் கடைசி", "முடிவான முடிவு" ஆகியவைதான் வீண்.

கணக்குப் பாடத்தில் 'முடிவுறு' என்கிறார்களே, 'இறுதியுறு' என்று ஏன் இல்லை?

1-ஐ 8-ஆல் வகுத்தால் 0.125, மீதி இல்லாமல் வகுத்தல் நின்றுபோகிறது. அதனால் அது முடிவுறு தசமம். 1-ஐ 3-ஆல் வகுத்தால் நிற்காது, முடிவுறாது. நிற்பதா நிற்காததா என்பது கேள்வி, கடைசி இலக்கம் எது என்பதல்ல. முடிவிலி என்ற சொல்லும் இதனால்தான்.

ஒரு நோட்டீஸைத் திருத்திக் காட்ட முடியுமா?

கைப்பந்துப் போட்டிக்கு ஒரு மாதிரி:

"போட்டி முடிவு நாள் ஞாயிறு. முடிவு ஆட்டம் மாலை 5 மணி. அணிகள் பதிவு முடிவு வெள்ளி. குழு இறுதிக்குக் கட்டுப்பட வேண்டும். முடிவில் பரிசு. உணவு முடிவு வரை."

முதல் வரியில் போட்டியின் கடைசி நாள் என்பது கருத்து, 'இறுதி நாள்' ஆக வேண்டும். முடிவு ஆட்டம் 'இறுதி ஆட்டம்'. பதிவுக்குக் 'கடைசி நாள்', அதோடு மணியும் வேண்டும். நேரம் இல்லையென்றால் வெள்ளி நள்ளிரவு ஒருவர் பெயர் கொடுப்பார். குழுவின் இறுதிக்குக் கட்டுப்பட முடியாது, 'முடிவுக்கு'த்தான் முடியும். பரிசு எப்போது என்பதற்கு வினை. உணவு வரியில் இருப்பது முடிவே அல்ல, தீர்தல்.

"போட்டியின் இறுதி நாள்: ஞாயிறு. இறுதி ஆட்டம் மாலை 5 மணிக்கு. அணிகள் பெயர் பதியக் கடைசி நாள்: வெள்ளி மாலை 6 மணி. குழுவின் முடிவே இறுதியானது. இறுதி ஆட்டம் முடிந்ததும் பரிசளிப்பு. உணவு தீரும்வரை வழங்கப்படும்."

கடைசி வாக்கியத்தை நீக்கச் சொல்வோம். உணவு தீர்வதைப் பற்றி விருந்துக்கு அழைக்கும்போதே எழுத வேண்டாம். "அனைவருக்கும் உணவு உண்டு" என்று போடுங்கள், அல்லது முதல் 200 பேருக்கு என்று எண்ணைப் போடுங்கள்.

கன்னியாகுமரியை "இந்தியாவின் முடிவு" என்று எழுதலாமா?

சுற்றுலாத் துண்டறிக்கைகளில் இந்தக் கேள்வி வரும். "இந்தியாவின் முடிவு" என்றால் செய்தித்தாள் தலைப்பாகப் படும். ஏதோ பேச்சுவார்த்தையில் டெல்லி எடுத்த தீர்மானம்போல. "இந்தியாவின் இறுதி" என்று எழுதவே கூடாது. நிலத்தின் ஓரத்துக்குத் தமிழில் முனை, கோடி என்ற சொற்கள் இருக்கின்றன. குமரிமுனை என்றே பெயர். "இந்திய நிலப்பரப்பின் தென்கோடி" என்று எழுதுங்கள். நிலப்பரப்பு என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் தென்கோடி பெரிய நிக்கோபார் தீவின் இந்திரா முனை. சாலைக்கு வினை போதும்: ஸ்ரீநகரிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியில் முடிகிறது.